நகர்வது எண்ணெய் அன்று, தண்ணீர்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம்.

தங்கள் நாளிதழின் ஞாயிறு அறிவியல் பக்கத்தில் மின்தாள் திரைகளைப் பற்றி வெளிவந்த கட்டுரையை இருமுறை படித்தேன். கண்ணை வருத்தாமல், நேர் வெயிலிலும் தெளிவாகப் படிக்கக்கூடிய திரை எப்படி இயங்குகிறது என்பதை ஒரு முழுப் பக்கத்தில் தமிழில் விளக்க இடம் ஒதுக்கியமைக்கு முதலில் என் நன்றியைத் தெரிவித்துக்கொள்கிறேன். கட்டுரையின் பெரும்பகுதியில் எனக்கு மறுப்பு ஏதுமில்லை. பக்கத்தின் ஓரத்தில் கட்டம் கட்டி வெளியிட்டிருந்த சிறு குறிப்பில்தான் சிக்கல். சாயம் கலந்த எண்ணெயை மின்சாரத்தால் இழுத்துப் படம் காட்டும் முயற்சி ஒன்று நடந்தது என்றும், அது அறிவியல் அளவிலேயே தோற்றுப்போனது என்றும், தாளைப் போல ஒளியைத் திருப்பியனுப்பும் திரையில் நல்ல வண்ணமும் வேகமான அசைவும் ஒருசேரக் கிடைப்பது இயற்கை விதிகளின்படியே இயலாது என்றும் அக்குறிப்பு சொல்கிறது. இம்மூன்று கூற்றுகளும் பிழையானவை. பல ஆண்டுகள் வகுப்பறையில் பரப்பு இழுவிசைப் பாடம் நடத்தியவன் என்ற முறையில், இவற்றைத் திருத்தாமல் விட மனம் வரவில்லை.

முதலில், அந்தத் திரை எப்படி வேலை செய்கிறது என்பதைச் சொல்லிவிடுகிறேன், ஏனெனில் குறிப்பில் இருந்த மற்றப் பிழைகள் எல்லாம் இதைச் சரியாகப் புரிந்துகொள்ளாததிலிருந்தே முளைத்தவை. தாமரை இலைத் தண்ணீர் என்று நாம் சொல்லும்போது ஒட்டாமல் இருத்தல் என்ற குணத்தையே மனத்தில் கொள்கிறோம். இலையின் மேற்பரப்பு நீரை விரும்புவதில்லை, ஆகவே நீர் பரவாமல் முத்தாகத் திரண்டு நிற்கிறது. நீர்த்துளியின் விளிம்பு இலையைத் தொடும் இடத்தில் உண்டாகும் கோணத்தை இயற்பியலில் தொடுகோணம் என்கிறோம். அது பெரிதாக இருந்தால் நீர் ஒட்டவில்லை என்று பொருள், சிறிதாக இருந்தால் நீர் பரப்பை நனைக்கிறது என்று பொருள். இப்போது அந்த இலைக்கு அடியில் ஒரு மின்முனையையும் நீருக்குள் மற்றொரு மின்முனையையும் வைத்து இரண்டுக்கும் இடையே மின்னழுத்தம் கொடுத்தால், ஒட்டாத நீர் ஒட்டத் தொடங்கும். மின்னழுத்தத்தை நீக்கினால் மறுபடியும் முத்தாகத் திரளும். இதுவே மின்நனைப்பு எனப்படும் விளைவு. தாமரை இலைத் தண்ணீரின் பற்றின்மையை ஒரு சுவிட்சின் கட்டுப்பாட்டுக்குக் கொண்டுவந்தது என்று சொன்னால் மிகையாகாது.

திரையில் இலைக்குப் பதிலாக நீரை விலக்கும் ஃபுளோரோபாலிமர் படலம் ஒன்று கண்ணாடியின் மேல் பூசப்படுகிறது. அதற்கு அடியில் ஒளி ஊடுருவும் மின்முனையாக இண்டியம் டின் ஆக்சைடு படிந்திருக்கும். படலத்தின் மேல், ஒரு மில்லிமீட்டரில் பத்தில் ஒரு பங்கு முதல் நான்கில் ஒரு பங்கு வரை பக்க அளவுள்ள சதுரக் கட்டங்களாக, சில மைக்ரோமீட்டர் உயரமே உள்ள குட்டைச் சுவர்கள் எழுப்பப்படுகின்றன. ஒவ்வொரு கட்டமும் ஒரு பிக்சல். கட்டத்தின் அடியில் சாயம் கரைந்த எண்ணெய் மெல்லிய படலமாக நிற்கும். அதற்கு மேல் எல்லாக் கட்டங்களுக்கும் பொதுவாக நிறமற்ற நீர் நிரம்பியிருக்கும். சுவர்கள் நீரை விரும்பும் பொருளால் ஆனவை என்பதால் எண்ணெய் அவற்றைத் தாண்டி அடுத்த கட்டத்துக்குப் போவதில்லை. மின்னழுத்தம் இல்லாத நிலையில், நீரை வெறுக்கும் படலம் எண்ணெயைத் தன்மேல் முழுவதுமாகப் பரவவிடுகிறது, பார்ப்பவர் கண்ணுக்குக் கட்டம் முழுதும் சாயத்தின் நிறம் தெரிகிறது. ஏறக்குறைய 20 வோல்ட் கொடுத்ததும் நீர் கீழே இறங்கிப் படலத்தைத் தொட முற்படுகிறது, அதற்கு வழிவிட்டு எண்ணெய் ஒரு மூலையில் சிறு துளியாக ஒதுங்குகிறது, அடியில் உள்ள வெண்மை வெளிப்படுகிறது. மின்னழுத்தத்தை நீக்கினால் எண்ணெய் தானாகவே மீண்டும் பரவிக்கொள்ளும், திருப்பிக் கொண்டுவர வேறு எந்த விசையும் தேவையில்லை. கொடுக்கும் மின்னழுத்தத்தின் அளவைப் பொறுத்து எண்ணெய் பாதியளவோ முக்காலளவோ ஒதுங்கும் என்பதால் இடைப்பட்ட சாயல்களும் கிடைக்கின்றன.

திரையைச் சுவரில் மாட்டினால் எண்ணெய் வழிந்துவிடாதா, தலைகீழாகப் பிடித்தால் நீரும் எண்ணெயும் இடம் மாறிவிடாதா என்று மாணவர்கள் தவறாமல் கேட்பார்கள். மாறாது. இரண்டு மில்லிமீட்டருக்குக் குறைந்த அளவுகளில் புவியீர்ப்பைவிடப் பரப்பு இழுவிசையே ஓங்கி நிற்கிறது. கால் மில்லிமீட்டர் கட்டத்துக்குள் இருக்கும் எண்ணெய்க்கு மேல், கீழ் என்ற வேறுபாடே இல்லை என்று சொல்லலாம்.

இந்த விளைவை அறிந்து ஒன்றரை நூற்றாண்டு ஆகிறது. 1875இல் பிரான்சின் இயற்பியலர் காப்ரியல் லிப்மான், அமிலக் கரைசலைத் தொட்டுக்கொண்டிருக்கும் பாதரசத்தின் பரப்பு இழுவிசை மின்னழுத்தத்தால் மாறுவதை அளந்து காட்டினார். அந்த அடிப்படையில் அவர் அமைத்த நுண்குழல் மின்னழுத்தமானியைக் கொண்டுதான் 1887இல் லண்டனில் அகஸ்டஸ் வாலர் மனித இதயத்தின் மின்துடிப்பை முதன்முதலாகப் பதிவு செய்தார். லிப்மானுக்கு 1908இல் நோபல் பரிசு கிடைத்தது இதற்காக அன்று, வண்ண ஒளிப்படத்துக்காக. வண்ணத்தைத் தகட்டில் நிலைநிறுத்திய அதே மனிதர், வண்ணத்தைத் திரையில் நகர்த்தும் வித்தைக்கும் விதை போட்டிருக்கிறார் என்பது பாடத்திட்டத்தில் இல்லாவிட்டாலும் நான் ஒவ்வோர் ஆண்டும் சொல்லி மகிழ்ந்த செய்தி.

லிப்மானின் முறையில் கரைசலும் உலோகமும் நேரடியாகத் தொட்டுக்கொண்டிருந்தன. அதனால் மின்னழுத்தம் ஒரு வோல்ட்டைச் சற்றுத் தாண்டினாலே நீர் பிரிந்து குமிழிவிடத் தொடங்கிவிடும். 1981இல் பெல் ஆய்வகத்தில் ஜெரார்டோ பேனியும் சூசன் ஹாக்வுட்டும் மின்நனைப்பைக் கொண்டு திரை அமைக்கலாம் என்று எழுதினார்கள். ஆனால் வழி திறந்தது 1993இல், பிரான்சின் புரூனோ பெர்ஜ் திரவத்துக்கும் மின்முனைக்கும் நடுவே மெல்லிய மின்காப்புப் படலம் ஒன்றை வைத்தபோதுதான். காப்புப் படலம் வந்ததும் நீரும் மின்முனையும், மின்னூட்டத்தைத் தேக்கிவைக்கும் ஒரு மின்தேக்கியின் இரண்டு தகடுகளாகிவிட்டன. மின்னோட்டம் பாய்வதில்லை, நீர் பிரிவதில்லை, பல வோல்ட் கொடுக்க முடிகிறது. தொடுகோணத்தின் கொசைன் மதிப்பில் ஏற்படும் மாற்றம் மின்னழுத்தத்தின் இருமடியைப் பொறுத்தது என்பதால், மின்னழுத்தத்தை இரண்டு மடங்காக்கினால் விளைவு நான்கு மடங்காகும். எந்த முனை நேர், எந்த முனை எதிர் என்பது கோட்பாட்டளவில் ஒரு பொருட்டில்லை.

இனி, வண்ணமும் வேகமும் சேர்ந்து வரா என்ற கூற்றுக்கு வருகிறேன். 2003 செப்டம்பரில் நேச்சர் இதழில், பிலிப்ஸ் ஆய்வகத்தைச் சேர்ந்த ராபர்ட் ஹேய்ஸ், யோஹான் ஃபீன்ஸ்ட்ரா இருவரும் மேற்சொன்ன எண்ணெய்க் கட்ட அமைப்பை வெளியிட்டார்கள். அக்கட்டுரையின் தலைப்பே நிகழ்படம் காட்டும் வேகமுள்ள மின்தாள் என்பதுதான். ஒரு கட்டம் ஏறக்குறைய 10 மில்லி விநாடியில் நிலை மாறியது. நொடிக்கு 25 படங்கள் காட்ட ஒரு படத்துக்கு 40 மில்லி விநாடி கிடைக்கிறது, 60 படங்கள் காட்டினாலும் 16 மில்லி விநாடிக்கு மேல் கிடைக்கிறது. ஆக, வேகத்தில் குறையில்லை. இயற்கை விதி தடுத்திருந்தால் இது ஆய்வகத்தில்கூட நடந்திருக்காது.

வண்ணத்தைப் பற்றிய அவர்களுடைய கணக்கு இன்னும் அழகானது, அதைச் சற்று விரித்துச் சொல்ல அனுமதி வேண்டுகிறேன். பின்னொளி இல்லாமல் வெளியொளியை மட்டும் நம்பி இயங்கும் திரவப் படிகத் திரையை (எல்.சி.டி.) எடுத்துக்கொள்வோம். அதில் ஒளி முதலில், ஒரே தளத்தில் அதிரும் ஒளியை மட்டும் உள்ளே விடும் தளவிளைவாக்கித் தகட்டைக் கடக்க வேண்டும், அங்கேயே பாதிக்கு மேல் போய்விடுகிறது. எஞ்சியது சிவப்பு, பச்சை, நீலம் என்று மூன்றாகப் பிரிக்கப்பட்ட வடிகட்டிகளைச் சந்திக்கிறது. சிவப்பைக் காட்ட விரும்பினால் பிக்சலின் மூன்றில் ஒரு பங்கு மட்டுமே சிவப்பைத் தரும், மற்ற இரண்டு பங்கும் இருண்டு கிடக்கும். பாதியில் மூன்றில் ஒரு பங்கு என்றால் ஆறில் ஒரு பங்கு, மற்ற இழப்புகளைச் சேர்க்காமலே இந்த நிலை. எண்ணெய்த் திரையில் தளவிளைவாக்கி இல்லை, ஆகவே முதல் பாதி இழப்பு இல்லை. அடுத்து, ஒரு பிக்சலை மூன்றாகப் பிரித்த ஒவ்வொரு துணைக் கட்டத்திலும் அடியில் ஒன்றும் மேலே ஒன்றுமாக இரண்டு எண்ணெய்ப் படலங்களைத் தனித்தனியே இயக்கி, ஒரு வடிகட்டியையும் சேர்த்து வைத்தால், அச்சகத்தில் பயன்படும் வெளிர்நீலம், கருஞ்சிவப்பு, மஞ்சள் என்ற கழித்தல் முறை நிறங்களைக்கொண்டு, விரும்பிய எந்த நிறத்துக்கும் பரப்பின் மூன்றில் இரண்டு பங்கை ஈடுபடுத்தலாம். ஒன்றுக்கு இரண்டு பங்கு பரப்பு, அதோடு பாதி இழப்பு மிச்சம், ஆக நான்கு மடங்கு வெளிச்சம். நேச்சர் கட்டுரையில் அவர்கள் சொன்னதும் இதே நான்கு மடங்குதான். பள்ளி மாணவன் தாளில் போட்டுப் பார்க்கக்கூடிய இந்தப் பெருக்கல் கணக்குக்கு முன்னால் இயலாது என்ற சொல் நிற்காது.

அடுத்து, பெயர்க் குழப்பம். கட்டுரை முழுவதும் மின்தாள், மின்மை என்ற இரண்டு சொற்களும் ஒரே பொருளில் கலந்து வருகின்றன. மின்தாள் என்பது குடும்பப் பெயர், மின்மை என்பது அக்குடும்பத்தில் ஒரு பிள்ளையின் பெயர், அதுவும் 1997இல் தொடங்கப்பட்ட ஈ இங்க் என்ற நிறுவனத்தின் பெயரிலிருந்து வந்தது. இன்று கையடக்க நூல்படிப்பான்களில் பெரும்பாலானவற்றில் இருப்பது அந்நிறுவனத்தின் முறைதான். அதில் நகர்பவை திடத் துகள்கள். தலைமுடியின் தடிப்பளவே உள்ள நுண்ணுறைகளுக்குள், ஒரு மின்னூட்டம் பெற்ற வெள்ளைத் துகள்களும் எதிர் மின்னூட்டம் பெற்ற கறுப்புத் துகள்களும் தெளிந்த எண்ணெயில் மிதக்கின்றன, மின்புலம் எந்தத் துகளை மேலே கொண்டுவருகிறதோ அந்த நிறம் தெரிகிறது. துகள் திரவத்தைக் கிழித்துக்கொண்டு நீந்த வேண்டியிருப்பதால் அது மெதுவாகவே நடக்கிறது. நிறங்கள் கூடினால் இன்னும் மெதுவாகும். அந்நிறுவனம் 2022இல் அறிவித்த முழுவண்ணத் திரை, ஒரு பக்கத்தைச் சிறந்த தரத்தில் மாற்ற ஒன்றரை விநாடி எடுத்துக்கொண்டது. கட்டுரையாளர் சொன்ன வேகக் குறை இந்த ஒரு முறைக்கு உரியது. பிள்ளையின் குறையைக் குடும்பத்தின் தலையில் ஏற்றிவிட்டார்.

இந்தத் துகள் முறையிலும் தொடக்கத்தில் சாயத் திரவம் இருந்தது என்பதையும் இங்கே சொல்ல வேண்டும். 1970களின் தொடக்கத்தில் ஜப்பானின் மட்சுஷிட்டா நிறுவனத்தில் ஈசாவோ ஓட்டா அமைத்த திரையில், சாயம் கலந்த திரவத்துக்குள் வெள்ளைத் துகள்கள் மேலும் கீழும் சென்றன. துகள்கள் கீழே போனால் திரவத்தின் நிறமும், மேலே வந்தால் வெண்மையும் தெரிந்தன. ஆனால் மேலே வந்த வெள்ளைத் துகள்களின் இடைவெளிகளிலும் சாயம் தங்கியிருந்ததால் வெண்மை மங்கியது. இரண்டு நிறத் துகள்களுக்கு மாறியபின் இந்த மங்கல் பெரிதும் நீங்கியது. ஆக, சாயத் திரவம் என்ற ஒரே சொல்லால் இரு வேறு ஏற்பாடுகள் குறிக்கப்படுகின்றன. ஒன்றில் சாயத் திரவம் அசையாத பின்புலம், மற்றொன்றில் அதுவே நடிகன். குறிப்பை எழுதியவர் முன்னதன் குறையைப் பின்னதற்கு எழுதிவிட்டாரோ என்ற ஐயமும் எனக்கு உண்டு.

நியாயமாகப் பேசினால், துகள் முறைக்கு எண்ணெய் முறையிடம் இல்லாத ஒரு பெரிய வலிமை இருப்பதையும் ஒப்புக்கொள்ள வேண்டும். மேலே வந்த துகள் மின்சாரம் நின்ற பிறகும் அங்கேயே நிற்கும். புத்தகத்தின் ஒரு பக்கத்தை ஒரு வாரம் அப்படியே விட்டுவைத்தாலும் அந்தப் பக்கத்துக்காக மின்கலம் கரைவதில்லை. எண்ணெய்க் கட்டமோ மின்னழுத்தம் இருக்கும்வரைதான் திறந்திருக்கும். மின்தேக்கியைத் தாங்கி நிற்க மிகக் குறைந்த ஆற்றலே வேண்டும் என்றாலும், எதுவும் வேண்டாம் என்பதற்கும் சிறிது வேண்டும் என்பதற்கும் நூல்படிப்பானில் பெரிய வேறுபாடு உண்டு. படிப்பதற்கு மட்டும் என்றால் துகள் முறை வென்றதில் வியப்பில்லை.

சரி, இவ்வளவு நன்றாக இருந்தால் அந்தத் திரை ஏன் நம் கைக்கு வரவில்லை? இந்தக் கேள்வியைக் குறிப்பு கேட்டிருந்தால் நான் இக்கடிதத்தை எழுதியிருக்கமாட்டேன். தடைகள் இருந்தன, அவை சிறியவையும் அல்ல. முதலாவது, பின்னொழுக்கு. மின்னழுத்தத்தை மாறாமல் வைத்திருந்தாலும், மூலையில் ஒதுங்கிய எண்ணெய் சிறிது நேரத்தில் மெல்லப் பரவத் தொடங்குகிறது. மின்காப்புப் படலத்துக்குள் மின்னூட்டங்கள் கொஞ்சம் கொஞ்சமாக நுழைந்து சிக்கிக்கொள்வதும், அவை வெளியிலிருந்து கொடுக்கும் மின்னழுத்தத்தின் வலுவை உள்ளிருந்தே குறைத்துவிடுவதும்தான் காரணம். இடையிடையே மின்னழுத்தத்தை ஒரு கணம் நீக்கியோ முனைகளை மாற்றியோ இதைச் சரிசெய்கிறார்கள். அப்படிச் செய்யும்போது திரை சிமிட்டக் கூடாது, ஆற்றலும் கூடக் கூடாது. நேர், எதிர் முனைகள் ஒரு பொருட்டில்லை என்று மேலே எழுதியபோது கோட்பாட்டளவில் என்று சேர்த்துக்கொண்டதற்கு இதுவே காரணம், சிக்கிய மின்னூட்டங்கள் அந்தச் சமத்துவத்தைக் குலைத்துவிடுகின்றன.

இரண்டாவது, சாயம். இதைப் பற்றித் தமிழில் யாரும் எழுதி நான் பார்த்ததில்லை, ஆனால் இந்தத் தொழில்நுட்பத்தின் உயிர்நிலை இதுவே என்பது என் கருத்து. எண்ணெய்ப் படலம் சில மைக்ரோமீட்டர் தடிப்பே உள்ளது. அவ்வளவு மெல்லிய அடுக்கு வழியே செல்லும் ஒளியில் உரிய நிறத்தை முழுவதுமாக விழுங்க வேண்டுமானால், சாயம் மிகுந்த வீரியமுள்ளதாகவும் எண்ணெயில் மிக அதிக அளவில் கரையக்கூடியதாகவும் இருக்க வேண்டும். ஒளியை வலுவாக விழுங்கும் சாய மூலக்கூறுகள் பலவற்றுக்கு முனைவுத்தன்மை, அதாவது ஒரு பக்கம் சற்று நேர் மின்னூட்டமும் மறுபக்கம் சற்று எதிர் மின்னூட்டமும் கொண்டிருக்கும் தன்மை, உண்டு, முனைவுத்தன்மை உள்ளவை எண்ணெயில் நன்றாகக் கரைவதில்லை. முனைவுள்ள மூலக்கூறுகள் எண்ணெய்க்குள் மிகுந்தால், எண்ணெயே மின்புலத்துக்குச் செவிசாய்க்கத் தொடங்கிப் பின்னொழுக்கைக் கூட்டிவிடுகிறது. நீருக்குள் சிறிதளவு கசிந்தாலும் போச்சு, அடியில் வெண்மை தெரிய வேண்டிய நேரத்தில் மேலே நிற்கும் நீரே நிறம் காட்டும். இவற்றையெல்லாம் கடந்து வந்த சாயம், வெயிலில் படிக்கும் திரை என்று பெயர் வாங்கிய பொருளுக்குள் இருக்கிறதே, அந்த வெயிலில் வெளுக்காமலும் இருக்க வேண்டும்! துணிச் சாயம் வெளுத்தால் சட்டையை மாற்றலாம், பிக்சலின் சாயம் வெளுத்தால் திரையையே மாற்ற வேண்டும்.

மூன்றாவது, நிரப்புதல். 150 மைக்ரோமீட்டர் பக்கமுள்ள ஒரு சதுரக் கட்டத்தில் 5 மைக்ரோமீட்டர் உயரத்துக்கு எண்ணெய் நிரப்புவதாக வைத்துக்கொண்டால், கண்ணுக்கு மருந்து விடும் ஒரு துளியைக் கொண்டு நான்கு லட்சத்துக்கும் மேற்பட்ட கட்டங்களை நிரப்பிவிடலாம். அத்தனை கட்டங்களிலும் எண்ணெய் ஒரே உயரத்தில் நிற்க வேண்டும். சற்றுக் கூடினால் அந்தக் கட்டம் திறக்க அடம்பிடிக்கும், குறைந்தால் நிறம் வெளிறும். மின்னழுத்தம் கொடுக்கும் கணத்தில் எண்ணெய்ப் படலம் எந்த இடத்தில் முதலில் கிழிகிறது, எந்த மூலைக்கு ஓடுகிறது என்பதும் கட்டத்துக்குக் கட்டம் மாறினால் படம் புள்ளிபுள்ளியாகத் தெரியும். ஆகவே மின்முனையின் வடிவத்தை வெட்டித் திருத்தி எண்ணெய்க்கு வழிகாட்ட வேண்டியிருந்தது. நீர் உறைந்துவிடாமல் இருக்க அதில் வேறு திரவங்களைக் கலப்பது, காப்புப் படலத்தில் ஊசித்துளை விழாமல் பார்ப்பது போன்றவையும் உண்டு. அவை எல்லாத் திரைத் தொழிலுக்கும் உள்ள அன்றாடத் தலைவலிகள்.

இவற்றில் எதுவும் இயற்கை விதியின் தடை அன்று, பொருளறிவியலும் உற்பத்தித் திறனும் சம்பந்தப்பட்டவை. திரவப் படிகத் திரைகளும் இத்தகைய தடைகளைப் பல ஆண்டுகள் செலவிட்டுத்தான் கடந்தன. எண்ணெய்த் திரைக்கு அந்த ஆண்டுகள் கிடைக்கவில்லை. 2006இல் அதை உருவாக்கிய பிரிவு பிலிப்ஸிலிருந்து பிரிந்து லிக்வாவிஸ்டா என்ற பெயரில் தனி நிறுவனமானது. 2011இல் சாம்சங் அதை வாங்கியது, 2013இல் அமேசான் வாங்கியது, 2018இல் மூடப்பட்டது. பன்னிரண்டு ஆண்டுகளில் ஒரு பிறப்பு, இரண்டு கைமாற்றம், ஒரு மூடல். இந்தக் காலத்தில்தான் கைப்பேசிகளில் பின்னொளித் திரைகளும் தாமே ஒளிரும் திரைகளும் ஆண்டுக்கு ஆண்டு மெருகேறிக்கொண்டிருந்தன என்பதையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். ஒரு நிறுவனம் மூடப்பட்டதை அறிவியல் தோல்வி என்று எழுதுவது, கடை மூடியதால் சரக்கு கெட்டது என்று முடிவு கட்டுவதைப் போன்றது. கெட்டும் இருக்கலாம், கெடாமலும் இருக்கலாம், சரக்கைப் பார்க்காமல் சொல்லக் கூடாது.

சரக்கு கெடவில்லை என்பதற்குச் சான்றுகள் இருக்கின்றன. ஹேய்ஸ் பின்னர் சீனாவின் குவாங்சோவில் உள்ள தென் சீன நார்மல் பல்கலைக்கழகத்தில் குவோஃபு சோவுடன் இணைந்து இதே ஆய்வைத் தொடர்ந்தார், மின்நனைப்புத் திரையைப் பற்றிய கட்டுரைகள் அங்கிருந்து தொடர்ந்து வந்துள்ளன. 2009இல் அமெரிக்காவின் சின்சினாட்டி பல்கலைக்கழகத்தில் ஜேசன் ஹைகன்ஃபெல்டின் குழு இன்னொரு வழியைக் காட்டியது. அதில் எண்ணெய் நிறமற்றது, நிறம் இருப்பது நீரில், அதுவும் கரைந்த சாயமாக இல்லாமல் அச்சு மையில் உள்ளதைப் போன்ற நிறமித் துகள்களாக. ஓய்வில் அந்த நிறநீர், பிக்சல் பரப்பில் 10 சதவீதத்துக்கும் குறைவான சிறு குழிக்குள் ஒளிந்திருக்கும், மின்னழுத்தம் கொடுத்தால் வெளியே வந்து பரவும். சாயம் வெளுக்கும் தொல்லைக்கு நிறமி ஒரு விடை, எண்ணெய் மூலையில் ஒதுங்கினாலும் ஓரளவு கண்ணில் படுகிறது என்ற குறைக்குக் குழி ஒரு விடை. பெர்ஜின் வழியில் பிறந்த திரவ வில்லைகள் பட்டைக்குறி படிக்கும் கருவிகளில் எந்தத் திடப் பாகமும் அசையாமல் குவியம் மாற்றுகின்றன. பிறந்த குழந்தையின் ஒரு துளி இரத்தத்தில் அரிய வளர்சிதை மாற்றக் குறைபாடுகளைக் கண்டறிய 2017இல் அமெரிக்க உணவு மருந்து நிர்வாகம் அனுமதித்த கருவியொன்று, துளிகளைச் சில்லின் மேல் நடத்திச் செல்வது இதே விளைவைக் கொண்டுதான். தோற்றுப்போன அறிவியல் இவ்வளவு வேலை செய்யாது.

இன்னொரு செய்தியும் உண்டு. காப்புரிமை பெரும்பாலான நாடுகளில் விண்ணப்பித்த நாளிலிருந்து 20 ஆண்டுகளே செல்லும். 2003இல் வெளியான கட்டுரைக்கு அடிப்படையான விண்ணப்பங்கள் அந்த ஆண்டை ஒட்டியோ அதற்கு முன்னரோ பதிவாகியிருக்கும் என்பதால், எண்ணெய்க் கட்டம் என்ற மூலக் கருத்து இப்போது யாரும் எடுத்தாளக்கூடிய பொதுச் சொத்தாகிவருகிறது. பிற்காலத்தில் சேர்ந்த நுணுக்கங்களுக்கு இது பொருந்தாது. ஆனாலும் பொருளறிவியல் படிக்கும் ஒரு மாணவர், வெயிலைத் தாங்கும் எண்ணெய்ச் சாயம் ஒன்றைத் தேடிப் புறப்படுவதற்கு இது நல்ல காலம். தங்கள் நாளிதழில் தோல்வி என்று படித்துவிட்டு அவர் வேறு பக்கம் திரும்பிவிடக் கூடாது என்பதுதான் என் கவலை.

ஆகவே தங்களிடம் என் வேண்டுகோள் இதுதான். அக்குறிப்புக்கு ஒரு திருத்தம் வெளியிடுங்கள். மின்தாள் என்பதைப் பொதுப் பெயராகவும், துகள் நகரும் வகையை மின்மைத் திரை என்றும், திரவம் நகரும் வகையை மின்நனைப்புத் திரை என்றும் இனி வேறுபடுத்தி எழுதுங்கள். இவற்றைவிடப் பொருத்தமான சொற்கள் கிடைத்தால் எனக்கு மகிழ்ச்சியே, இரண்டுக்கும் ஒரே சொல் மட்டும் வேண்டாம்.

கடைசியாக, குறிப்புடன் வந்த படத்தைப் பற்றி. அதில் வண்ண எண்ணெயின் மேல் ஓர் அம்புக்குறி போட்டு, மின்சாரம் எண்ணெயை மூலைக்கு இழுக்கிறது என்று எழுதியிருக்கிறது. எண்ணெயை மின்சாரம் இழுப்பதில்லை. மின்சாரத்தைக் கடத்தாத எண்ணெய் அதன் அழைப்புக்கு ஏறக்குறையச் செவிடு. ஈர்க்கப்பட்டு இறங்குவது நீர், அது வரும்போது எண்ணெய் ஒதுங்கிக்கொடுக்கிறது. மேலே ஓட்டாவின் திரையோடு ஒப்பிட்டபோது எண்ணெயை நடிகன் என்று எழுதிய என் சொல்லும் இந்த இடத்தில் கொஞ்சம் இடறத்தான் செய்கிறது, கண்ணுக்குத் தெரியும் நடிகன் எண்ணெய், அவனை அசைப்பது நிறமில்லாத நீர். திருத்தம் வெளியிடும்போது படத்தையும் மறுபடி வரைவதாக இருந்தால், அம்புக்குறியை நீருக்குள் தொடங்கி, கீழே உள்ள காப்புப் படலத்தை நோக்கி வரையுமாறு ஓவியரிடம் சொல்ல வேண்டுகிறேன்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற இயற்பியல் ஆசிரியர் ஒருவர்